கபடியும் கடிகாரமும்

கபடி உடல் வலிமையின் ஆட்டம் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். தொடையில் உரம், கையில் பிடி, நெஞ்சில் மூச்சு ஆகிய மூன்றும் இருந்தால் வெற்றி தானே வந்து சேரும் என்பது ஊர்த் திடல்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் நம்பிக்கை. முதல் முப்பத்தைந்து நிமிடங்களுக்கு அது பெரும்பாலும் உண்மையே. ஆனால் கடைசி ஐந்து நிமிடங்களில் அதே களத்தில் வேறோர் ஆட்டம் தொடங்கிவிடுகிறது. அந்த ஆட்டத்தில் எண்ணத் தெரிந்தவர்களே வெல்கிறார்கள்.

நம் மன்றத்து நண்பர்கள் மாலை வேளைகளில் கபடி ஆடுகிறார்கள். பிற கல்லூரி அணிகளோடும் மோதுகிறார்கள். ஓரிரு புள்ளிகளில் தோற்றுத் திரும்பும் நாள்களில், “இன்னும் ஒரு நிமிடம் இருந்திருந்தால்!” என்ற பேச்சு விடுதி உணவுக்கூடம் வரை தொடர்ந்து வரும். அந்த ஒரு நிமிடம் பல வேளைகளில் நம் கையிலேயே இருந்தது. நாம்தான் அதைச் செலவிட்டோம். எப்படிச் செலவிட்டோம் என்பதைக் கணக்கிட்டுக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. ஒருவர் எதிரணிக் களத்துள் பாடிச் சென்று திரும்பும் ஒரு முறையை இன்று எல்லோரும் ‘ரைடு’ என்கிறோம். தொலைக்காட்சி தந்த சொல். அடுகோடிச் சந்துகளில் ஆடும் சிறுவர்கள் வாயிலும் அதுவே வழங்குகிறது. நானும் அதையே ஆள்கிறேன். செல்பவரைப் பாடுபவர் என்றும், எதிரே நிற்போரைப் பிடிப்பவர் என்றும் கூறுவேன்.

பழைய சடுகுடுவில் கடிகாரம் எங்கே இருந்தது? பாடுபவரின் நெஞ்சுக்குள் இருந்தது. மூச்சு உள்ளவரை அவர் எதிரணியின் களத்தில் நிற்கலாம். மூச்சு முடிந்தால் முறையும் முடிந்தது. ஒருவருக்கு இருபது விநாடி, மற்றொருவருக்கு நாற்பது விநாடி. எத்தனை முறைகள் எஞ்சியுள்ளன என்று யாராலும் முன்கூட்டிக் கணிக்க இயலாது. ஒரு ரைடுக்கு 30 விநாடி என்ற வரம்பு வந்தபின் இந்நிலை மாறிற்று. கடிகாரம் நெஞ்சிலிருந்து வெளியேறிச் சுவருக்கு வந்தது. சுவரிலிருந்து பயிற்சியாளர் மடியில் இருக்கும் தாளுக்கு வந்தது. ஆடவர் ஆட்டம் 20 நிமிடம் கொண்ட இரு பாதிகளாக 40 நிமிடம். ஒவ்வொரு ரைடும் முழு 30 விநாடியை எடுத்துக்கொண்டாலும் ஆட்டத்தில் 80 ரைடுகள் அடங்கும். கடைசி மூன்று நிமிடம் என்பது குறைந்த அளவு 6 ரைடுகள், அணிக்கு மூன்று. ‘மூன்று நிமிடம் இருக்கிறது’ என்று சொல்லும் பயிற்சியாளருக்கும், ‘நமக்கு மூன்று ரைடு, அவர்களுக்கு மூன்று ரைடு’ என்று சொல்லும் பயிற்சியாளருக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு.

கடிகாரத்தையே ஆயுதமாக்கும் கலையை மிக விரிவாக வளர்த்தவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் ‘புட்பால்’ என்று அழைக்கும் ஆட்டம் நம் கால்பந்தன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி முட்டி மோதி முன்னேறும் ஆட்டம். பத்து கெஜம் முன்னேற நான்கு முயற்சிகள் தரப்படும். ஒரு முயற்சி களத்துக்குள்ளேயே முடிந்தால் கடிகாரம் நிற்பதில்லை. அடுத்த முயற்சியைத் தொடங்க அவர்களது தொழில்முறைப் போட்டிகளில் 40 விநாடி வரை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே, முன்னிலையில் உள்ள அணியிடம் கடைசி இரண்டு நிமிடத்தில் பந்து இருந்து, எதிரணி தன் இடைநிறுத்தங்களை எல்லாம் தீர்த்துவிட்டிருந்தால், ஆட்டம் அநேகமாக முடிந்தது போலத்தான். பந்தை வாங்கியவர் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி அமர்ந்துவிடுவார். முயற்சி முடிந்தது, 40 விநாடி ஓடும். மீண்டும் வாங்குவார், மீண்டும் அமர்வார். பார்ப்பவர்களுக்குச் சலிப்புத்தான், எனினும் வெற்றி உறுதி.

இவ்வழக்கம் அங்கே வேரூன்றியதற்கு ஒரு தோல்வியே பெருங்காரணம். 1978 நவம்பர் 19 அன்று நியூ ஜெர்சியில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியை 17-12 என்று முந்தியிருந்தது. எஞ்சியிருந்தது ஏறத்தாழ அரை நிமிடம். எதிரணிக்கு இடைநிறுத்தம் ஒன்றும் மீதமில்லை. முழங்காலிட்டு அமர்ந்திருந்தால் போதும். ஆனால் பயிற்சியாளர் குழுவிலிருந்து வந்த கட்டளை, பந்தைப் பக்கத்து வீரரிடம் கொடுத்து ஓடச் சொல்லிற்று. ஜோ பிசார்சிக் கொடுத்தார். லாரி சோங்கா வாங்குமுன் பந்து நழுவிற்று. ஈகிள்ஸ் அணியின் ஹெர்ம் எட்வர்ட்ஸ் அதை எடுத்துக்கொண்டு 26 கெஜம் ஓடிப் புள்ளி ஈட்டினார். 19-17. ஜயன்ட்ஸ் அணியின் தாக்குதல் பயிற்சியாளர் மறுநாளே வேலையிழந்தார்.

இந்நிகழ்ச்சியில் கபடிக்காரர் கவனிக்க வேண்டியது, முன்னிலையில் உள்ள அணியின் சொந்த முயற்சியே எதிரணிக்குப் புள்ளியானது என்பதைத்தான். கபடியில் இது விபத்தன்று. ஆட்டத்தின் அமைப்பே அப்படி. பாடச் செல்பவர் பிடிபட்டால் எதிரணிக்கு ஒரு புள்ளி. எனவே மூன்று நிமிடம் எஞ்சியிருக்கையில், பின்தங்கிய அணிக்குப் புள்ளி பெற வாய்ப்பு மூன்று என்று எண்ணுவது பிழை. தன் ரைடு மூன்று, எதிரணியின் ரைடு மூன்று, ஆக ஆறு வாய்ப்புகள். ஐந்து புள்ளி முன்னிலை நெஞ்சுக்கு நிறைவாகத் தோன்றலாம். ஆறு ரைடுகள் மீதம் இருக்கும்போது அது அவ்வளவு நிறைவானதன்று.

அப்படியானால் முன்னணியில் உள்ளவர்கள் அமெரிக்கர்களைப் போல முழங்காலிட முடியாதா? ஓரளவு முடியும். எதிரணிக் களத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ஒரு குறுக்குக் கோடு உண்டு. பாடுபவர் அதைக் கடந்துவிட்டு, யாரையும் தொடாமல், 30 விநாடிக்குள் வந்து சேர்ந்தால் அது வெறும் ரைடு. புள்ளியும் இல்லை, இழப்பும் இல்லை, அரை நிமிடம் கழிந்தது. ஆனால் புரோ கபடியில் இவ்வாறு தொடர்ந்து இரு ரைடுகளே வெறுமையாகலாம். மூன்றாவது ரைடில் புள்ளி பெற்றே ஆக வேண்டும். இல்லையெனில் பாடியவர் வெளியேற, எதிரணிக்கு ஒரு புள்ளி போய்விடும். வாழ்வா சாவா ரைடு என்று நாம் சொல்வது இதைத்தான். கூடைப்பந்திலும் இதே நோய் இருந்தது. 1950இல் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டி ஒன்று, பந்தைப் பதுக்கிப் பதுக்கி 19-18 என்று முடிந்தது. அதன்பின் 1954இல் 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்று விதி செய்தார்கள். அவர்கள் விநாடியால் மருந்து கொடுத்தார்கள்; கபடி எண்ணிக்கையால் கொடுத்தது. என் கருத்தில் கபடியின் மருந்தே நயமானது. பதுங்குவதை அது தடை செய்யவில்லை, அதற்கு ஒரு விலை வைத்தது.

விலை இருப்பதால், அதை எப்போது கொடுப்பது என்பது பயிற்சியாளர் முடிவு. இங்கேதான் பின்னிருந்து முன்னோக்கி எண்ண வேண்டும். முன்னணி அணிக்கு இன்னும் மூன்று ரைடுகள் என்று வைத்துக்கொள்வோம். சற்று முன்புதான் அது புள்ளி பெற்றிருந்தால், வெறும் ரைடுக் கணக்கு பூச்சியத்தில் இருக்கும். அடுத்த இரண்டையும் வெறுமையாக்கினால், வாழ்வா சாவா சரியாகக் கடைசி ரைடில் வந்து விழும். பாடுபவர் பாய்ந்தே ஆக வேண்டும் என்பது எதிரணிக்கும் தெரியும். ஏழு பேரும் பசித்த புலியாய்க் காத்திருப்பார்கள். மாறாக, ஏற்கெனவே இரு வெறும் ரைடுகள் போயிருந்தால், வாழ்வா சாவா இப்போதே வந்துவிடுகிறது. அதில் புள்ளி கிடைத்தாலும், ஆள் போனாலும், கணக்கு புதிதாகத் தொடங்கும். கடைசி இரண்டும் பதுங்குவதற்குக் கிடைக்கும். ஆதலால் முன்னணி அணியின் பயிற்சியாளர் நான்காம் ஐந்தாம் நிமிடத்திலேயே, ‘கடைசி இரண்டு ரைடும் நமக்கு வெறுமையாய்ப் போகலாம்’ என்ற நிலையை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். துணிய வேண்டிய ரைடை முன்னதாகவே துணிந்துவிட வேண்டும். இதைச் செய்யாத அணி, கடைசி விநாடியில் தன் ஆளைத் தானே பலி கொடுக்கும்.

இனி, பின்தங்கிய அணியின் பக்கம் வருவோம். அவசரம் எப்போது பயன் தரும், எப்போது தராது? இதைப் பலரும் உணர்ச்சியால் முடிவு செய்கிறார்கள். எளிய கழித்தலால் முடிவு செய்யலாம். ஒரு விதியை நினைவில் வைப்போம்: நேரம் முடியுமுன் தொடங்கிவிட்ட ரைடு, நேரம் முடிந்த பின்னும் முழுமையாக ஆடி முடிக்கப்படும். ஆகவே ஒரு விநாடி மீதம் இருக்கையில் தொடங்கினாலும் முழு ரைடு உண்டு. முன்னணி அணி தன் ரைடில் எப்போதும் 30 விநாடியையும் தின்றுவிடும் என்று கொள்வோம். ரைடுகளுக்கு இடைப்பட்ட ஓரிரு விநாடிகளைக் கணக்கு எளிதாவதற்காக விட்டுவிடுகிறேன்.

80 விநாடி மீதம். பின்தங்கிய அணியின் முறை. அது 30 விநாடி நின்று பாடினால் 50 மீதம். எதிரணி 30 தின்னும், 20 மீதம். இரண்டாம் ரைடு தொடங்கும். 30 விநாடி நிற்க, ஆட்டம் முடிந்தது. இரண்டே ரைடுகள். அதே அணி முதல் ரைடை 10 விநாடியில் முடித்தால் 70 மீதம். எதிரணிக்குப் பின் 40. இரண்டாவதை 8 விநாடியில் முடித்தால் 32. எதிரணிக்குப் பின் 2 விநாடி. மூன்றாம் ரைடு கிடைத்துவிட்டது! இரு ரைடுகளும் சேர்ந்து 20 விநாடிக்குள் முடிய வேண்டும் என்பதே நிபந்தனை. இங்கே அவசரம் பொன் போன்றது.

இப்போது 60 விநாடி மீதம் என்று கொள்வோம். எவ்வளவு விரைந்தாலும் மூன்றாம் ரைடு கிடைக்காது. எதிரணியின் இரு ரைடுகளே அந்த 60 விநாடியையும் விழுங்கிவிடும். 30 விநாடிக்குச் சற்றுக் குறைவாக நின்று பாடினாலும் இரண்டாம் ரைடு எப்படியும் உண்டு. ஆகவே பத்து விநாடியில் பாய்ந்து பிடிபடுவது வீண். நின்று நிதானித்து, பிடிப்பவர்களின் கால்களைப் பார்த்துப் பாடலாம். 40 விநாடி மீதம் என்றால் நிலை மறுபடியும் மாறுகிறது. முதல் ரைடை 10 விநாடிக்குள் முடித்தாலன்றி இரண்டாவது இல்லை. 30க்குக் கீழே போய்விட்டால் இதுவே கடைசி. முழு நேரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். அவசரம், நிதானம், மறுபடி அவசரம், மறுபடி நிதானம் என்று மாறி மாறி வருவதைக் காண்க. ‘கடைசி நிமிடம் வந்தால் வேகம் கூட்டு’ என்ற பொதுக்கட்டளை பாதி நேரம் தவறானது.

முன்னணி அணிக்கும் இதே கழித்தல் உண்டு. 29 விநாடி மீதம் இருக்கையில் அதன் முறை வந்தால், வெறும் ரைடு ஒன்று போதும். எதிரணிக்கு மறுமுறை இல்லை. 31 விநாடி இருந்தால் எதிரணிக்கு ஒரு முழு ரைடு உண்டு. இரண்டு விநாடியில் ஆட்டத்தின் தலையெழுத்து மாறுகிறது. கோடு தாண்டி விரைந்து திரும்பிக் களத்தில் கைதட்டல் வாங்கும் இளைஞன், அந்த இரண்டு விநாடியைத்தான் எதிரணிக்குத் தானம் செய்துவிட்டு வருகிறான்.

இடைநிறுத்தத்தைப் பற்றி ஒரு சொல். அமெரிக்க ஆட்டத்தில் பின்தங்கிய அணி கேட்கும் ஓர் இடைநிறுத்தம் 40 விநாடி வரை மிச்சப்படுத்தும். கபடியில் ரைடு முடிந்ததும் அடுத்தவர் 5 விநாடிக்குள் புறப்பட்டாக வேண்டும்; ரைடுக்கும் ரைடுக்கும் இடையில் கேட்கும் இடைநிறுத்தத்தால் மிஞ்சுவது அந்தச் சில விநாடிகளே. நேரம் சேமிக்க அதை வைத்திருப்பது பயனற்றது. மூச்சு வாங்கவும், மேலே சொன்ன கணக்கை ஆட்டக்காரர் காதில் போடவுமே அது உதவும்.

ஆள் கணக்கும் நேரக் கணக்கோடு பின்னிக் கிடக்கிறது. வெளியேறியவர்கள், வெளியேறிய வரிசைப்படியே களத்துக்கு மீள்கிறார்கள். அணியின் சிறந்த பாடுநர் வெளியில் மூன்றாமவராக அமர்ந்திருந்தால், அவர் வர மூன்று புள்ளி வேண்டும். இரண்டு நிமிடமே மீதம் என்றால், அவர் கடைசி ரைடுக்கு வந்து சேர்வாரா என்பதை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவ்வாறே, களத்தில் ஒருவரோ இருவரோ மிஞ்சியிருக்கும் அணி, முழுவதும் வெளியேறி எதிரணிக்குக் கூடுதலாக 2 புள்ளி கொடுத்துவிட்டு ஏழு பேரோடு திரும்புவதா, அல்லது ஒற்றை ஆளாய் இழுத்தடிப்பதா? ஐந்து நிமிடம் இருந்தால் முன்னதே நல்லது. பத்து ரைடுகளில் இழந்ததை மீட்கலாம். ஒரு நிமிடம் இருந்தால் அது தற்கொலை. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கையில் பிடித்தால் 2 புள்ளி கிடைக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், குறைந்த ஆளோடு நிற்பது கடைசி நிமிடத்தில் அவ்வளவு இழிவான நிலையன்று என்பது விளங்கும்.

இக்கணக்குகள் காகிதக் கணக்குகள் தாமா? பெங்களூரு கண்ட ஓர் இறுதியாட்டத்தையே காண்போம். பெருந்தொற்றின் காரணமாக புரோ கபடியின் எட்டாம் பருவம் முழுவதும் பார்வையாளர் இன்றி ஒயிட்பீல்டு விடுதி ஒன்றில் நடந்தது. 2022 பிப்ரவரி 25 அன்று இறுதியாட்டத்தில் பாட்னா பைரேட்ஸ் இடைவேளையின்போது 17-15 என்று முந்தியிருந்தது. முடிவில் தபாங் டெல்லி 37-36 என்று வென்றது. ஒரே ஒரு புள்ளி! எண்பதுக்குக் குறையாத ரைடுகளில் எந்த ஒன்று மாறியிருந்தாலும் கோப்பை கை மாறியிருக்கும். அதே 2022 டிசம்பரில் நம் தமிழ் தலைவாஸ் அணி, முதன்முறையாக அடுத்த சுற்றுக்குள் நுழைந்து, உ.பி. யோதாஸ் அணியோடு 36-36 என்று சமன் செய்து, சமன்முறிப்பில் 6-4 என வென்றது. அடுத்து அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 37-39 என்று வீழ்ந்தது. இரண்டு ஆட்டம், இரண்டும் கடைசி ரைடுகளின் கைப்பிள்ளைகள்.

பெங்களூரு புல்ஸ் கோப்பை வென்ற கதை இதற்கு மாறானது. 2019 ஜனவரி 5 அன்று மும்பையில் குஜராத் அணியிடம் இடைவேளையில் 9-16 என்று பின்தங்கியிருந்தது. ஏழு புள்ளி பெரும் பள்ளம் என்று தோன்றும். ஆனால் 20 நிமிடத்தில் குறைந்தது 40 ரைடுகள் இருக்கின்றனவே! இரண்டாம் பாதியில் மட்டும் 29 புள்ளி எடுத்து, 38-33 என வென்றது. பவன் செராவத் ஒருவரே அன்று 22 புள்ளி ஈட்டினார். 2016 உலகக் கோப்பை இறுதியிலும் இந்தியா இடைவேளையில் ஈரானிடம் 13-18 என்று தாழ்ந்திருந்து 38-29 என்று வென்றது. பற்றாக்குறையைப் புள்ளியால் அளப்பதைவிட, புள்ளியை எஞ்சிய ரைடுகளால் வகுத்து அளப்பதே நேர்மையான அளவு.

போட்டி அட்டவணை விதி ஒன்று கடைசி நிமிடத்தை எவ்வளவு விந்தையாக வளைக்கும் என்பதற்கும் சான்று உண்டு. புரோ கபடியில் பல பருவங்களாக வெற்றிக்கு 5 புள்ளியும், ஏழு அல்லது அதற்குக் குறைந்த வேறுபாட்டில் தோற்றால் 1 புள்ளியும் தரப்பட்டு வந்தன. ஆகவே ஆறு புள்ளி பின்தங்கிய அணி, கடைசி ஒரு நிமிடத்தில் வெல்ல முயலாமல், தானே வெறும் ரைடு பாடிக் கடிகாரத்தைக் கழிக்கும்! வென்றுகொண்டிருக்கும் அணியோ எட்டாகட்டும் என்று பாய்ந்து வரும். புதிதாகப் பார்க்க வருபவர் யார் முன்னணி என்றே குழம்பிப் போவார். 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் இதைக் கைவிட்டார்கள். வெற்றிக்கு 2, தோல்விக்கு ஒன்றுமில்லை. சமநிலையும் சமன்முறிப்பால் தீர்க்கப்பட்டது. எனக்குப் பழைய முறையில் ஒரு தனிப் பற்று உண்டு. தோற்பவனுக்கும் கடைசி நொடிவரை எண்ணுவதற்கு ஏதோ ஒன்றை அது வைத்திருந்தது.

எண்ணிக்கையோடு விதிநூலும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை 2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு இறுதியாட்டம் காட்டிற்று. இந்தியா 28, ஈரான் 28. ஏறத்தாழ ஒரு நிமிடமே மீதம். பவன் செராவத் வாழ்வா சாவா ரைடுக்குச் சென்றார். யாரையும் தொடாமல் பக்கப் பாதைக்குள் அவர் காலை வைக்க, பிடிப்பவர்களும் தொடர்ந்து அதற்குள் புகுந்தார்கள். யாருக்கு எத்தனை புள்ளி? பழைய விதி ஒன்று சொல்லிற்று, புதிய விதி வேறு சொல்லிற்று. ஆட்டம் ஒரு மணி நேர அளவு நின்றுபோயிற்று. ஆட்டக்காரர் தரையில் அமர்ந்துவிட்டனர். இறுதியில் இந்தியா 33-29 என்று தங்கம் பெற்றது. சுவரில் ஒரு நிமிடத்தைக் காட்டி உறைந்து நின்ற கடிகாரத்தின் கீழ், அந்த ஒரு மணி நேரமும் ஆடியவை நாவுகளே.

சமன்முறிப்பில் கடிகாரமே கிடையாது. அணிக்கு ஐந்து ரைடு, மாறி மாறி. நேரத்தை நீக்கிவிட்டாலும் ஆட்டம் அப்படியே நிற்கிறது; ரைடை நீக்கினால் ஒன்றும் மிஞ்சாது. கபடியின் உண்மையான நாணயம் எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரியவில்லை.

நம் மன்ற அணிக்கு இதில் செலவு ஒன்றும் இல்லை. ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு கைக்கடிகாரம் போதும். கடைசி ஐந்து நிமிடம் தொடங்கியதும் ஒருவர் நான்கு எண்களை எழுதிவர வேண்டும்: மீதமுள்ள விநாடி, நம் வெறும் ரைடுகள், அவர்களுடைய வெறும் ரைடுகள், நம்மில் வெளியேறியோர் வரிசை. பயிற்சியாளரிடம் இவ்வேலையைத் தர வேண்டாம். அந்நேரத்தில் அவர் கத்திக்கொண்டிருப்பார். வெளியேறி ஓரத்தில் அமர்ந்திருப்பவர்களில் கடைசியாக வந்தவரிடம் கொடுக்கலாம். அவர் மீள நேரமாகும். வரிசையும் அவர் கண்முன்னேயே உட்கார்ந்திருக்கும்.